இருக்கையும் கல்வியும்: அசையாமைதான் அடக்கமா?

தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் அண்மைக் காலத்தில் புதுவகை இருக்கைகள் சில இடம்பெற்று வருகின்றன. அடிப்பாகம் வளைந்து, அமர்ந்தவர் சாயும் பக்கமெல்லாம் தானும் சாயும் ஸ்டூல், காற்றடைத்த வட்டத் திண்டு, பெரும்பந்து, நின்றுகொண்டே எழுதுவதற்கு ஏற்ற உயர்ந்த மேசை, தரையில் விரிக்கும் மெத்தை, நாற்காலியின் முன்கால்களுக்கு இடையே கட்டிய ரப்பர் பட்டை என இவை பலவகைப்படும். இவை அனைத்தையும் சேர்த்து 'நெகிழ்வான இருக்கை முறை' என்று வழங்குகின்றனர். ஓரிடத்தில் அமைந்திருக்க இயலாத குழந்தைகளுக்கு இம்முறை பெருந்துணை புரியும் என்பது இதனை ஆதரிப்போர் கூற்று.

இதனை ஒருசாரார் கல்வியில் தோன்றிய புதுமலர்ச்சி என்று போற்றுகின்றனர். மற்றொரு சாரார், பள்ளிக்கூடத்தை விளையாட்டுத் திடல் ஆக்கும் வேலை இது என்று எள்ளுகின்றனர். போற்றுவோர் பொருளின் புதுமையில் மயங்குகின்றனர். எள்ளுவோர் பழக்கத்தின் பழமையில் அமைதி காண்கின்றனர். வகுப்பறையில் இருக்கை எதற்காக இடப்பட்டுள்ளது என்னும் முதல் வினாவை இருவருமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி விடை காணாதவரை, பந்தை வாங்குவதும் வீண். பந்தைப் பழிப்பதும் வீண்.

வினா இன்று ஏன் எழுகிறது?

மூளையின் அமைப்பும் இயக்கமும் மாந்தர் எல்லார்க்கும் ஒரே படியாக அமைவதில்லை. சிலர் கவனத்தை ஓரிடத்தில் நெடுநேரம் நிறுத்த இயலாதவராய், உடல் ஓய்வின்றி இயங்குபவராய் இருக்கின்றனர். சிலர் ஆட்டிசம் உடையவராய், ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் பிறர் உணர்வதினும் மிகையாகவோ குறைவாகவோ உணர்கின்றனர். சிலர்க்கு எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதே அரும்பாடாகிறது. இவ்வேறுபாடுகளைக் குறையென்று மட்டும் கொள்ளாது, மாந்தர் இயற்கையின் பன்மையில் ஒன்றாகவும் கருத வேண்டும் என்ற கொள்கை 1990களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஆஸ்திரேலியச் சமூகவியலார் ஜூடி சிங்கர் அக்காலத்தில் இக்கொள்கைக்குச் சொல்லும் வடிவமும் தந்தவருள் ஒருவர். நரம்பியல் வேறுபாடு உடைய குழந்தைகள் என்று இன்று குறிக்கப்படுவோர் இவர்களே.

இக்குழந்தைகள் எங்கோ தனிப்பள்ளியில் பயில்வோர் என்று எண்ணிவிடலாகாது. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. நடுத்தர, கடுமையான சிறப்புத் தேவை உடைய குழந்தைகளும் 2019ஆம் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த தொகுதி முதல் அச்சட்டத்துக்குள் கொணரப்பட்டனர். சிறப்புத் தேவை உடைய மாணவருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பொதுப்பள்ளிகளிலேயே பயில்கின்றனர் என்பது அங்குள்ள கல்வியமைச்சு தந்துள்ள கணக்கு. மலேசியாவிலோ, 2013ஆம் ஆண்டில் சிறப்புக் கல்விக்கான விதிமுறைகள் வெளிவந்தன. 2013 முதல் 2025 வரைக்கும் வகுக்கப்பட்ட கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவை மாணவருள் 75 விழுக்காட்டினரைப் பொதுவகுப்போடு இணைப்பதை இலக்காகக் கொண்டது. எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019 முதல் செயற்படத் தொடங்கியது.

ஆக, கதவு திறந்துவிட்டது. குழந்தையும் உள்ளே வந்துவிட்டது. உள்ளே வந்த குழந்தை எங்கே அமர்வது, எவ்வாறு அமர்வது என்பதே இனி எண்ணத்தக்கது. சட்டம் குழந்தையை வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மேல் உள்ள நான்கு அடி தொலைவு ஆசிரியர் பொறுப்பு.

நன்னூல் காட்டும் இரு நெறிகள்

தமிழாசிரியர்க்கு இவ்வகையில் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பித்தலையும் கற்றலையும் விரித்துரைக்கிறது. பாடம் கேட்கும் மாணாக்கன், ஆசிரியர் பணித்தபோது அமர்ந்து, பணித்தபோது பேசி, வரைந்து வைத்த ஓவியம் போல அசைவின்றி அடங்கியிருந்து, கேட்டதை நெஞ்சில் நிறுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. கற்பிக்கத் தகாதவர் இவர் என்று ஒரு பட்டியலும் அந்நூலில் உண்டு. செருக்குடையோர், வஞ்சகர், சினமுடையோர் முதலியோரோடு பிணியுடையவனும் மந்த அறிவினனும் மனம் தடுமாறுபவனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

அடக்கத்தை வலியுறுத்தும் ஆசிரியர் பலர் தம்மை அறியாமலே இந்நெறியில் நிற்கின்றனர். நூற்பாவை மறந்தவர்கூட ஓவியப் பாவையை மறப்பதில்லை. அசையாத மாணவன் நல்ல மாணவன், அசைகின்றவன் அடங்காதவன் என்னும் முடிவு அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது.

ஆயின் அதே பாயிரம் ஆசிரியர்க்கும் நெறி வகுத்துள்ளது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. காலத்தையும் இடத்தையும் செவ்வையாக ஆராய்ந்து, விரைவும் சினமும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, ஏற்பவன் எந்த வகையால் ஏற்றுக்கொள்வான் என்பதைத் தெரிந்து, அவன் உள்ளத்தில் படியுமாறு கற்பிக்க வேண்டும் என்பது அந்நெறி. இங்கே கருத்தூன்ற வேண்டியவை இரண்டு. இடத்தை ஆராய்வது ஆசிரியர் கடமை என்பது ஒன்று. கற்பிக்கும் வகையை முடிவுசெய்வது ஏற்பவனது இயல்பே என்பது மற்றொன்று.

ஒரே நூலில் உள்ள இவ்விரு நெறிகளும் ஒன்றோடொன்று மோதுங்கால் எதனைத் தலைமையாகக் கொள்வது? பாவைபோல் அடங்கியிருப்பதன் பயன் கேட்டது நெஞ்சில் நிற்பதே. அடக்கம் கருவி; நெஞ்சில் நிற்றல் பயன். ஒரு குழந்தை அசையாமல் இருக்க முயலும் முயற்சியிலேயே தன் கவனம் முழுவதையும் செலவிட்டு, சொன்ன பாடத்தைக் கோட்டைவிடுமாயின், அங்கே கருவி பயனை அழித்துவிட்டது. அன்றியும், நூற்பா கூறுவது தானே விரும்பி ஆசிரியரை நாடிவந்து செவியால் கேட்கும் மாணாக்கனை. சட்டத்தால் பள்ளிக்கு வந்து, காலை முதல் நண்பகல் தாண்டியும் எழுதியும் கணக்கிட்டும் வரைந்தும் பயிலும் ஏழு வயதுக் குழந்தையை அது கருதியதன்று. தகாதோர் பட்டியலைப் பொறுத்தவரை, அதனை இக்காலச் சட்டமும் ஏற்காது, அறமும் ஏற்காது. பழைய நூலை மதிப்பவர், அதன் சிறந்த பகுதியைக் கொண்டு ஏனைய பகுதியை அளந்து கொள்வதே முறை.

விசுப்பலகை வந்த வரலாறு

வரிசையாய் இட்ட மேசையும் நாற்காலியும் கல்வியோடு உடன்பிறந்தவை என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளியில் இம்மணலெழுத்தைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைக் கையாண்டு, அதனை 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் தொடங்கிய பள்ளியும் சட்டாம்பிள்ளைகளைக் கொண்டே நடந்தது. அவர் வழிவந்த பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில், தரையோடு பிணைத்த நீண்ட பலகைகளில், வரிசை வரிசையாய் அமர்த்தப்பட்டனர்.

வரிசை ஏன் தேவைப்பட்டது? ஓர் ஆசிரியர் சில நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் எண்ணவும் காக்கவும் அது உதவிற்று. குறைந்த செலவில் பலர்க்குக் கல்வி தரும் நல்ல நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுக்கலாகாது. எனினும் அவ்வமைப்பு பிள்ளைகளின் உடலியல்பை ஆராய்ந்து கண்டதன்று; மேற்பார்வையின் வசதிக்காகக் கண்டது. வசதிக்காக வந்தது காலப்போக்கில் ஒழுக்கத்தின் அடையாளமாக உயர்த்தப்பட்டது.

இதனை எதிர்த்த குரல்கள் புதியன அல்ல. அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1899இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். பிள்ளைகள் வேலை செய்வதற்கு ஏற்ற மேசை நாற்காலிகளைத் தேடிக் கடை கடையாய் ஏறியிறங்கியபோது, விற்பனையாளர் ஒருவர், கடைகளில் உள்ளவை யாவும் கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை என்று உண்மையை உடைத்துச் சொன்னாராம். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 சனவரியில் உரோம் நகரின் ஏழை மக்கள் பகுதியொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தரையோடு பிணைத்த பலகைகளை நீக்கி, குழந்தையே தூக்கி வைக்கத்தக்க சிறு நாற்காலிகளை இட்டார். குழந்தை தன் நாற்காலியை ஓசையின்றி எடுத்து வைக்கக் கற்பதே ஒழுக்கம் என்பது அவர் கொள்கை. அவ்வம்மையார் 1939 முதல் 1946 வரை இந்தியாவில் இருந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர் பலர்க்குப் பயிற்சி அளித்தார். ஆதலின் இக்கருத்து தமிழாசிரியர்க்கு நெடுந்தொலைவில் இருந்ததும் அன்று.

அசைவு எதனால்?

வகுப்பில் அசையும் குழந்தையைக் கண்டதும் ஆசிரியர் உள்ளத்தில் தோன்றும் முதற்கருத்து, அவன் கவனம் சிதறிவிட்டது என்பதே. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை இக்கருத்துச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்துமா?

அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. 8 முதல் 12 வயதுவரை உள்ள சிறுவர்கள் அதில் பங்கேற்றனர். கவனக்குறைவும் மிகை இயக்கமும் உடையோர் 29 பேர். அவை இல்லாதோர் 23 பேர். கலைத்துக் கூறப்பட்ட எண்களையும் எழுத்தையும் நினைவில் வைத்து ஒழுங்குபடுத்திச் சொல்லும் பணி அவர்களுக்குத் தரப்பட்டது. மிகை இயக்கம் உடைய சிறுவர், உடல் மிகுதியாக அசைந்தபோது அப்பணியை மேலும் நன்றாகச் செய்தனர். ஏனைய சிறுவரிடம் இதற்கு மாறான நிலை காணப்பட்டது. அவர்கள் மிகுதியாக அசைந்தபோது பணி நலிந்தது.

இம்முடிவு ஆழ்ந்து கருதத்தக்கது. ஒரே அசைவு ஒரு குழந்தையிடம் கவனம் கலைந்ததன் அறிகுறி. மற்றொரு குழந்தையிடம் கவனத்தை விழிப்புடன் வைத்துக்கொள்ளும் முயற்சி. புறத்தே காண்போர்க்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும். அவ்வாறாயின், அசைவைக் கண்டு குழந்தையை மதிப்பிடுதல் தகாது. செய்த வேலையைக் கண்டே மதிப்பிடல் வேண்டும். எனினும் அவ்வாய்வு சிறுவரிடம் மட்டும், ஆய்வுக்கூடத்தில், குறித்த ஒரு பணியை வைத்து நடந்தது என்பதையும் மறத்தல் கூடாது. அசைவுக்கும் திறனுக்கும் உள்ள உறவை அது காட்டிற்றே அன்றி, இருக்கை எதனையும் அது பரிந்துரைக்கவில்லை.

பந்தும் நாற்காலியும்: ஆய்வுகள் கூறுவது

இருக்கைகளையே நேராக ஆராய்ந்தோரும் உளர். 2003இல் ஷில்லிங் என்பாரும் பிறரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. நான்காம் வகுப்பில் கவனக்குறைவும் மிகை இயக்கமும் உடைய மூன்று மாணவர் அதில் கவனிக்கப்பட்டனர். முதலில் நாற்காலி, பின்னர்ப் பந்து, மறுபடியும் நாற்காலி, மறுபடியும் பந்து என மாற்றி மாற்றி அமர்த்தினர். பந்தில் அமர்ந்த காலத்தில் அவர்கள் இருக்கையில் தங்கிய நேரமும், தெளிவாக எழுதிய சொற்களும் மிகுந்தன. 2004இல் ஷில்லிங்கும் சுவார்ட்சும் ஆட்டிசம் உடைய நான்கு மழலையரிடம் கண்ட முடிவும் இதனைப் போன்றதே.

இவ்விரு முடிவுகளையும் படித்துவிட்டுப் பந்து வாங்கப் புறப்படுவோர், 2010இல் வெளியான மற்றோர் ஆய்வையும் படித்தல் வேண்டும். பேகட்டெல் என்பாரும் பிறரும் ஆட்டிசம் உடைய ஆறு சிறுவரைப் பந்து இருக்கையில் அமர்த்திப் பார்த்தனர். ஆறு பேரும் ஆறு விதமாக நடந்துகொண்டனர். எந்நேரமும் குதித்தும் ஆடியும் அசைவை நாடிய சிறுவனுக்குப் பந்து பயன்பட்டது. உடலை நிலைநிறுத்தும் வலிமை குன்றிய சிறுவர்க்கோ அது துணையாகவில்லை. சரிந்துவிடாமல் இருப்பதே அத்தகையோர்க்குப் பெரும்பணி ஆகிவிட்டால், பாடத்தைக் கவனிக்க என்ன எஞ்சும்?

மூவர், நால்வர், அறுவர் என்னும் எண்ணிக்கையை வைத்து உலகக் குழந்தைகள் அனைவர்க்கும் விதி வகுத்தல் இயலாது. இவ்வாய்வுகளைச் செய்தோர் அவ்வாறு வகுக்கவும் இல்லை. அவர்தம் ஆய்வுகளைக் காட்டி அறைகலன் விற்போரே அவ்வாறு பேசுகின்றனர். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பார்த்து முடிவுசெய்க என்பதே ஆய்வுகளில் தெளிவாகத் தெரியும் பாடம். நாற்பது பந்துகளை ஒரே நாளில் இறக்கி வைப்பது இப்பாடத்துக்கு நேர்மாறானது. எல்லார்க்கும் நாற்காலி என்பது எவ்வளவு பிழையோ, எல்லார்க்கும் பந்து என்பதும் அவ்வளவு பிழையே.

மேசைகளை அமைக்கும் முறை பற்றியும் ஒரு செய்தி உண்டு. வானர்க்கா, ரூல் என்னும் இருவர் 2008இல் எட்டு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். தனித்தனியே செய்யும் வேலைக்கு வரிசை அமைப்பே ஏற்றது. குறிப்பாக, எளிதில் கவனம் சிதறும் மாணவர்க்கு அது மிகவும் பயன்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கலந்து பேசிச் செய்யும் பணிக்கே குழுவாக அமர்தல் ஏற்றது. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்னும் பெயரால் மேசைகளை எந்நேரமும் குழுவாகச் சேர்த்து வைத்திருக்கும் பள்ளிகள் இதனைக் கருத வேண்டும். நால்வர் முகம் பார்த்து அமர்ந்த மேசையில், இருவர்க்கு ஆசிரியரும் வெண்பலகையும் பின்புறமாகிவிடும். கவனம் குன்றிய குழந்தை எதிரில் உள்ள மூன்று முகங்களையும் விட்டுவிட்டுத் தன் ஏட்டைப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது, அதற்கு இல்லாத ஒன்றை அதனிடம் கேட்பதாகும்.

நெகிழ்வு யாருக்கு?

இம்முறையின் பெரும் குறை அதன் பெயரிலேயே தொடங்குகிறது. நெகிழ வேண்டியது நாற்காலி அன்று, ஆசிரியரின் முடிவு. இது விளங்காமையால் சில வகுப்பறைகளில் நெகிழ்வே புதியதொரு கட்டாயம் ஆகிறது. காலையில் முதலில் வருவோர் விரும்பிய இருக்கையை எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்படுகிறது. துடிப்புள்ள குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தரும். ஆட்டிசம் உடைய குழந்தைக்கோ அது நாள்தோறும் ஓர் அச்சம். நேற்று இருந்த இடம் இன்று இருக்கும் என்ற உறுதியே அதற்கு மன அமைதி. அந்த உறுதியைப் பறித்துவிட்டு, உனக்காகத்தான் இம்முறை என்று சொல்வதில் பொருளில்லை. இக்குழந்தைக்கு வேண்டுவது மாறாத ஓர் இடம். கதவோரமும் மின்விசிறியின் இரைச்சலும் இல்லாத ஓர் இடம். தேவையானபோது எழுந்து சென்று திரும்பத்தக்க ஓர் இடம்.

இரண்டாவது குறை, வகுப்பில் ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் வேறுபட்ட இருக்கை தருவது. நல்லெண்ணத்தோடு செய்வதே ஆயினும், அவ்விருக்கை அக்குழந்தையின் நெற்றியில் எழுதிய எழுத்தாகிவிடுகிறது. பிற பிள்ளைகள் கேலி செய்வர். அல்லது பொறாமை கொள்வர். இரண்டும் தீங்கு. இரண்டு மூன்று வகை இருக்கைகளை வகுப்புக்குப் பொதுவாக வைத்து, முறைவைத்து எல்லாரும் பழகச் செய்தால், வியப்பு ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். அதன்பின் தேவையுள்ள குழந்தை அதனைத் தொடர்ந்து பயன்படுத்துவதை எவரும் பொருட்படுத்தார்.

மூன்றாவது குறை, இருக்கையைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்குவது. நன்றாக நடந்தால் ஆடும் ஸ்டூல், தவறு செய்தால் பழைய நாற்காலி என்னும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அமைதியாக இருக்க எது துணையோ அதனை, அமைதியாக இல்லாத வேளையில் பறித்துக்கொள்வது முரண்பாடு. பார்வை குன்றிய மாணவன் பிழையாகப் படித்தான் என்பதற்காக எவரும் அவன் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை.

நான்காவது குறை, இருக்கையை மாற்றிவிட்டு ஏனையவற்றை மறந்துவிடுவது. 2014இல் அமெரிக்காவில் 24 மழலையரிடம் நடந்த ஆய்வு, சுவரெங்கும் படங்கள் நிறைந்த அறையில் அவர்கள் கவனம் மிகுதியாகச் சிதறியதையும், வெறுமையான சுவர் உள்ள அறையில் பாடத்தை நன்கு கற்றதையும் காட்டிற்று. காதைத் துளைக்கும் ஓசையும் கண்ணைப் பறிக்கும் வண்ணமும் நிறைந்த அறையில், திண்டு ஒன்று மட்டும் என்ன செய்யும்?

ஆசிரியர் கூறும் தடைகள்

இம்முறைக்கு ஆசிரியர் எழுப்பும் தடைகளை வெறும் பழமைப்பற்று என்று ஒதுக்குதல் நேர்மையன்று. சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு ஏறத்தாழ 30 மாணவரும், மேல்வகுப்புகளில் 40 வரைக்கும் மாணவரும் உள்ளனர். இத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் அசைந்தால் ஆசிரியர் எவ்வாறு பாடம் நடத்துவது என்பது உண்மையான கேள்வி. இதற்கு விடை, அசைவுக்கும் எல்லை வகுப்பதே. இருக்கையில் ஆடலாம், ஓசை எழலாகாது. நின்று எழுதலாம், பிறர் பார்வையை மறைக்கலாகாது. பந்தில் அமரலாம், இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருத்தல் வேண்டும். இவ்விதிகளை முதல் வாரத்திலேயே பழக்கிவிட்டால், விதியில்லாத நாற்காலி வகுப்பினும் விதியுள்ள நெகிழ்வு வகுப்பு அமைதியாக நடக்கும்.

ஒருவனுக்குத் தந்ததை எல்லார்க்கும் தராமை நடுவுநிலை தவறியதாகாதா என்பது மற்றொரு தடை. இதற்கு விடை பழைய ஆசிரியரின் வழக்கத்திலேயே உள்ளது. குட்டையான பிள்ளையை முன்வரிசையிலும், காது மந்தமான பிள்ளையைத் தமக்கு அருகிலும், இடக்கையால் எழுதும் பிள்ளையை முழங்கை இடிபடாத ஓரத்திலும் அமர்த்தாத நல்லாசிரியர் எவர்? பெயர் சூட்டாமலே அவர் செய்துவந்ததும் நெகிழ்வான இருக்கை முறையே. கண்ணுக்கும் காதுக்கும் காட்டிய அப்பரிவை, கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கும் காட்டுக என்பதே இன்றைய வேண்டுகோள்.

செலவு என்பது மூன்றாவது தடை. முதலில் செய்ய வேண்டியவை பல செலவின்றியே செய்யத்தக்கவை. பாதம் தரையைத் தொடாமல் தொங்கும் குழந்தை யாராயினும் நெளியாமல் இருக்க இயலாது. காலுக்கடியில் ஓர் உறுதியான பெட்டி வைத்தாலே அந்நெளிவு குறையலாம். ஏடுகளை வழங்கும் பணியையும் பலகை துடைக்கும் பணியையும் இயக்கம் மிகுந்த குழந்தைக்குத் தருவது எக்காலத்தும் உள்ள வழி. பின்வரிசையின் ஓரத்தில் நின்று எழுத ஓர் உயர்ந்த அலமாரியின் மேற்பரப்பே போதும். விலை கொடுத்து வாங்குவது இவற்றிற்குப் பின் எண்ணத்தக்கது.

தமிழ்வகுப்பின் தனிநிலை

தமிழாசிரியர்க்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை வந்ததும் தமிழ் பயிலும் பிள்ளைகள் பல வகுப்புகளிலிருந்து எழுந்து வேறோர் அறைக்குச் செல்கின்றனர். அங்குள்ள மேசையும் நாற்காலியும் அவர்களுடையவை அல்ல. வகுப்பாசிரியர் பல நாள் பார்த்துப் பார்த்து அமைத்துத் தந்த இருக்கையும் இடமும் அந்த அறையோடு நின்றுவிடுகின்றன. குழந்தை தமிழ் வகுப்புக்குள் நுழையும்போது துணையெல்லாம் இழந்து நுழைகிறது. ஆங்கில வகுப்பில் அமைந்திருக்கும் பிள்ளை தமிழ் வகுப்பில் அடங்காப்பிள்ளை ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இதனால் விளையும் தீங்கு ஒழுங்கோடு நில்லாது. தமிழ் தனக்கு வராத மொழி, தமிழ் வகுப்பு தான் கடிந்துரைக்கப்படும் இடம் என்ற எண்ணம் குழந்தை உள்ளத்தில் பதிந்துவிடும். ஆகவே வகுப்பாசிரியரிடமும் சிறப்புத் தேவை அலுவலரிடமும் கேட்டு, அதே ஏற்பாட்டைத் தமிழறைக்கும் கொணர்வது தமிழாசிரியர் கடமை. கையில் எடுத்துச் செல்லத்தக்க திண்டு, பெரும்பந்தினும் இங்கே மேலானது.

மலேசியாவின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நிலை வேறு. அவற்றுள் பல, 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்டவை. அங்கே இடம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் பெயர்சொல்லி அறிவார். நாள் முழுவதும் பிள்ளை ஒரே அறையில் உள்ளது. பெரிய பள்ளிகள் விலைகொடுத்தும் பெற இயலாத வாய்ப்பு இது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் இல்லையே என்னும் குறை மெய்யே ஆயினும், உற்றுநோக்கும் கண் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் உண்டு.

எழுத்துப் பயிற்சியில் தனிக்கருத்து வேண்டும். தமிழெழுத்துகள் சுழியும் வளைவும் மிக்கவை. ஞகரத்தையும் ணகரத்தையும் எழுதப் பழகும் சிறுகைக்கு, உடல் நிலையாக இருத்தல் தேவை. தோளும் முதுகும் உறுதியாக நில்லாதபோது விரல் நுண்மையாக இயங்குவது அரிது. ஆதலின் கேட்டலுக்கும் வாய்விட்டுப் படித்தலுக்கும் ஆடும் இருக்கையும், எழுதுதற்குக் கால் ஊன்றிய உறுதியான இருக்கையும் என்று வேலைக்கேற்ப மாற்றுவது பல குழந்தைகளுக்குப் பொருந்தும். பந்தில் அமர்ந்தே தெளிவாக எழுதிய குழந்தைகளும் ஆய்வில் உண்டாதலின், இதனையும் மாறாச் சட்டமாக்குதல் வேண்டா.

அளவுகோல்

எந்த இருக்கை எந்தக் குழந்தைக்கு ஏற்றது என்பதை எவ்வாறு அறிவது? அளந்தே அறிதல் வேண்டும். நாள்தோறும் ஒரே பாடவேளையில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, குழந்தை முடித்த வரிகள் எத்தனை, எழுந்து சென்றது எத்தனை முறை என்று இரு வாரம் குறித்து வைக்கலாம். பின்னர் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, மேலும் இரு வாரம் குறிக்கலாம். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது பயன்பட்டது என்பது தெரியாது. வேலை மிகுந்திருந்தால் மாற்றத்தை நிலைநிறுத்தலாம். இல்லையேல் தயக்கமின்றிக் கைவிடலாம். குழந்தையையும் கேட்டல் வேண்டும். தன் உடலுக்கு எது இதம் என்பதை ஏழு வயதுப் பிள்ளையும் சொல்லும். கேட்போர் இல்லாமையே குறை.

நெகிழ்வான இருக்கை முறை நோய் தீர்க்கும் மருந்து அன்று; ஆனால் அதனை வீண் ஆரவாரம் என்றும் ஒதுக்கலாகாது. நரம்பியல் வேறுபாடு உடைய குழந்தைக்குக் கல்வி சென்று சேரும் வழியில் கிடக்கும் ஒரு கல்லை அப்புறப்படுத்தும் சிறுகருவி அது. கருவி பயன்படாத இடத்தில் அதனைத் தாங்கிப் பிடிப்பதும், பயன்படும் இடத்தில் அதனை மறுப்பதும் ஒன்றுபோலவே குழந்தைக்குத் தீங்கு. அசையும் பிள்ளையைப் பார்த்து 'ஏன் சும்மா இருக்க மாட்டாய்?' என்று கேட்டுப் பழகிய வாய், 'எப்படி இருந்தால் உனக்குப் படிக்க வரும்?' என்று ஒருமுறை கேட்குமாயின், புது நாற்காலி வருமுன்னரே அவ்வகுப்பறை மாறத் தொடங்கிவிடும்.